தொலைநோக்கி வாங்கியவர் ஏன் ஏமாறுகிறார்?

தொலைநோக்கிப் பெட்டிகளின் மேல் அச்சடித்திருக்கும் சனி கிரகத்தைப் போல ஆளை ஏமாற்றும் படம் வேறு எதுவும் இருக்க முடியாது. வளையங்களில் இழை இழையாகக் கோடுகள், நடுவே கரிய இடைவெளி, உருண்டையின் மேல் பொன்னிறப் பட்டைகள். பக்கத்தில் கொட்டை எழுத்தில் "525 மடங்கு பெரிதாக்கும்!" என்று வேறு. அந்தப் படம் அந்தத் தொலைநோக்கியில் எடுத்தது அல்ல. பெரும்பாலும் கசினி விண்கலமோ ஹப்பிள் தொலைநோக்கியோ எடுத்ததாக இருக்கும். கசினி 2004 முதல் 2017 வரை சனியையே சுற்றிக்கொண்டிருந்த கலம். மொட்டை மாடியில் நின்று ஏறத்தாழ 130 கோடி கிலோமீட்டர் தள்ளிப் பார்ப்பவரை அதோடு போட்டிக்கு விட்டால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். காசு சேர்த்து வாங்கியவர் முதல் நாள் இரவு மாடிக்கு ஓடுவார். அரை மணி நேரம் தேடி, கழுத்து வலித்து, கடைசியில் சனி கிடைக்கும். ஐபீஸுக்குள் மிளகு அளவில் மஞ்சளாக ஒரு பொட்டு, இரண்டு பக்கமும் காது முளைத்த மாதிரி வளையம். அதுவும் வாய்க்கால் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு போல நெளிந்துகொண்டே இருக்கும். கைப்பேசியை ஐபீஸில் ஒட்டி வைத்து ஒரு படம் எடுப்பார். வெள்ளையாக ஒரு உருண்டை விழும், அவ்வளவுதான். கீழே இறங்கி வந்து இணையத்தில் மற்றவர்கள் எடுத்த சனியைப் பார்ப்பார். ஒரே வாரத்தில் தொலைநோக்கி பரணுக்குப் போய்விடும். வீட்டில் ஒருவர் "அன்னைக்கே சொன்னேன்ல, கேட்டியா?" என்பார்.

இதற்குக் காரணம் தொலைநோக்கி சின்னது என்பதல்ல. கோளைப் பார்ப்பதும் கோளைப் படம் பிடிப்பதும் ஒரே வேலை என்று நினைப்பதுதான் காரணம். புதிதாகத் தொடங்குகிறவர் முதல் ஆறு மாதங்களுக்குக் கேமராவைத் தொடாமல் இருப்பதே நல்லது. கேட்பதற்குப் பிடிவாதமாகத் தோன்றலாம். ஆனால் படம் நன்றாக வரவேண்டும் என்று விரும்புகிறவருக்கும் இதுதான் சரியான வழி.

முதலில் கொஞ்சம் கணக்கு. முழு நிலவின் குறுக்களவு வானத்தில் ஏறத்தாழ அரை டிகிரி, அதாவது 1800 ஆர்க் செகண்ட். வியாழன் மிகப் பெரிதாகத் தெரியும் நாளில்கூட 50 ஆர்க் செகண்டைத் தாண்டுவது அரிது. சனி வளையத்தோடு சேர்த்து 40 சொச்சம். ஆக, 40 மடங்கு பெரிதாக்கினாலே வியாழன் வெறுங்கண்ணுக்குத் தெரியும் நிலவின் அளவுக்கு வந்துவிடுகிறது! ஐபீஸில் அப்படித் தோன்றாமல் போவதற்கு ஒரு காரணம், நிலவே அவ்வளவு சின்னது என்பதுதான். கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் அதை மறைத்துவிடலாம். மனதில் இருக்கும் நிலா பெரிது, வானத்தில் இருக்கும் நிலா சிறிது.

இந்த இடத்தில் அந்தப் பழைய மின்னஞ்சல் ஞாபகம் வருகிறது. 2003 ஆகஸ்டில் செவ்வாய் கிட்டத்தட்ட 60,000 ஆண்டுகளில் இல்லாத அளவுக்குப் பூமியை நெருங்கி வந்தது. அப்போது கிளம்பிய மின்னஞ்சல், 75 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் செவ்வாய் வெறுங்கண்ணுக்குத் தெரியும் முழு நிலவு அளவுக்கு இருக்கும் என்றது. அன்றைய செவ்வாய் 25 ஆர்க் செகண்ட், எனவே கணக்கு சரி. ஆனால் கை மாறி கை மாறி வந்ததில் "75 மடங்கு" காணாமல் போய், "செவ்வாய் நிலா அளவுக்குத் தெரியப் போகிறது" என்பது மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆகஸ்டிலும் அது சுற்றிக்கொண்டே இருந்தது. தொலைநோக்கிப் பெட்டிக்காரர்கள் செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான்.

70 மில்லிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியில் பயன்படக்கூடிய உருப்பெருக்கம் அதிகபட்சம் 140 மடங்கு வரைதான். மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பது பழைய விதி. அதற்கு மேல் போனால் மங்கலும் கலங்கலும்தான் பெரிதாகும். 525 மடங்கு என்பது கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வரும் எண், பார்வைக்கு உதவாது. புதியவர் செய்யவேண்டியது நேர் எதிர்: இருப்பதிலேயே குறைவாகப் பெரிதாக்கும் ஐபீஸைப் போட்டுத் தொடங்குவது. 700 மில்லிமீட்டர் குவியத்தூரம் உள்ள குழாயில் 25 மில்லிமீட்டர் ஐபீஸ் 28 மடங்கு தரும். கோள் கண்ணில் பட்ட பிறகு 10 மில்லிமீட்டருக்கு மாறினால் 70 மடங்கு. மோட்டார் இல்லாத தாங்கியில் 70 மடங்குக்கே கோள் மூன்று நிமிடத்துக்குள் பார்வையை விட்டு ஓடிவிடும். பூமி சுற்றுகிறது என்று பள்ளியில் படித்ததைக் கண்ணால் பார்க்கும் முதல் சந்தர்ப்பம் பலருக்கும் இதுவாகத்தான் இருக்கும்.

இனி அந்த இணையப் படங்களுக்கு வருவோம். அவை பொய் அல்ல. ஆனால் அவை ஒரு நொடியில் எடுத்த படங்கள் அல்ல. காற்றின் கொதிப்பால் கோள் நெளிந்துகொண்டே இருக்கும் என்று பார்த்தோம். அந்த நெளிவுக்கு நடுவே எப்போதாவது, நொடியின் ஒரு துளி நேரத்துக்குக் காற்று அசையாமல் நிற்கும். படம் பிடிப்பவர் வினாடிக்கு 100 படம் எடுக்கும் கேமராவால் மூன்று நிமிடம் வீடியோ எடுக்கிறார். 18,000 படங்கள். ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற இலவச மென்பொருள் அவற்றைத் தரம் பிரித்து, தெளிவான சில ஆயிரத்தை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. பிறகு ரெஜிஸ்டாக்ஸ் போன்ற ஒன்றில் கூர்மையாக்குகிறார்கள். ஏன் மூன்று நிமிடம்? வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. அதிக நேரம் எடுத்தால் அதன் மேகங்களே நகர்ந்து படம் குழம்பிவிடும். 2000களின் தொடக்கத்தில் சாதாரண வெப்கேமைப் பிரித்து, லென்ஸைக் கழற்றி எறிந்து, ஐபீஸ் இருக்கும் இடத்தில் செருகிய சில ஆர்வலர்கள்தான் இந்த முறையைப் பரவலாக்கினார்கள். அதுவரை பெரிய ஆய்வுக்கூடங்கள் எடுத்த கோள் படங்களைக்கூட மிஞ்சும் படங்கள் வீட்டுத் தோட்டங்களிலிருந்து வர ஆரம்பித்தன. அருமையான சாதனை, மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்த முறையில் ஒரு கண்ணி இருக்கிறது. கூர்மையாக்கும் பட்டியை வலப்பக்கம் இழுக்க இழுக்கப் படத்தில் விவரங்கள் "முளைக்கும்". அவற்றில் எது வியாழனில் இருப்பது, எது மென்பொருள் உண்டாக்கியது? செவ்வாயின் ஓரத்தில் வெங்காயத் தோல் மாதிரி ஒரு பொய் விளிம்பு வரும். சனியின் வளையத்தில் இல்லாத இடைவெளி வரும். ஐபீஸில் பல இரவுகள் பார்த்தவர் இதைக் கண்டவுடன் பட்டியைப் பின்னால் இழுப்பார். பார்க்காதவர் இன்னும் கொஞ்சம் முன்னால் இழுப்பார். புதியவர்களின் படங்களில் பாதி கோளாகவும் பாதி மென்பொருளாகவும் இருப்பது இதனால்தான்.

பார்ப்பதற்குப் போய்ப் பயிற்சியா என்று கேட்பவர்கள் உண்டு. வியாழனை முதல் இரவு பார்ப்பவருக்கு வெள்ளைத் தட்டும் வரிசையாக நிற்கும் நான்கு நிலவுகளும் தெரியும் (ஒன்று ஒளிந்திருந்தால் மூன்று). இரண்டாவது மூன்றாவது இரவில் நடுவே இரண்டு பழுப்புப் பட்டைகள் தெரிய ஆரம்பிக்கும். ஒரு மாதம் விடாமல் பார்த்தால் பட்டை இரண்டும் ஒரே அகலம் இல்லை, ஒன்றின் ஓரம் பிசிறாக இருக்கிறது என்பது தெரியும். தொலைநோக்கி அதேதான், வியாழனும் அதேதான். காற்று நிற்கும் அந்தத் துளி நேரத்துக்காகக் காத்திருக்கவும், வந்ததும் பிடிக்கவும் கண் பழகிவிடுகிறது. மென்பொருள் 18,000 படத்தில் செய்யும் பொறுக்கல் வேலையைக் கண்ணும் மூளையும் மெல்லச் செய்யக் கற்றுக்கொள்கின்றன.

1781இல் யுரேனசைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் தொழில்முறை வானியலாளர் அல்ல, இங்கிலாந்தின் பாத் நகரில் இருந்த இசைக்கலைஞர். யுரேனசை அவருக்கு முன்பும் பார்த்திருக்கிறார்கள். ஜான் பிளாம்ஸ்டீட் 1690இலேயே அதை ஒரு நட்சத்திரம் என்று பட்டியலில் எழுதி வைத்துவிட்டுப் போனார். ஹெர்ஷலின் கண்தான் அது புள்ளி அல்ல, சின்னத் தட்டு என்று சந்தேகப்பட்டது. நல்ல கண்ணாடியை அவரே தேய்த்துச் செய்தார் என்பதும் உண்மை. அந்தக் கண்ணாடியில் இரவு இரவாகப் பார்த்துப் பழகியிருந்தார் என்பதும் உண்மை.

இன்னும் கிட்டத்து உதாரணம், 2009 ஜூலை 19. ஆஸ்திரேலியாவின் மரம்பேட்மன் என்ற சிற்றூரில் அந்தோனி வெஸ்லி என்ற கணினி நிரலாளர் தன் வீட்டுத் தொலைநோக்கியில் வியாழனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். தென் துருவத்தின் அருகே ஒரு கரும்புள்ளி. முதலில் அது சாதாரணத் துருவப் புயல் என்றே நினைத்தார். பிறகு ஏதாவது நிலவின் நிழலோ என்று யோசித்தார். நிழல் என்றால் இந்த இடத்தில் விழாது, இந்த வேகத்தில் நகராது. இரண்டு நாள் முன்பு பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லை. அப்படியானால் ஏதோ ஒன்று வியாழனில் மோதியிருக்கிறது! மற்ற வானியலாளர்களுக்குச் செய்தி அனுப்பினார். ஹவாயில் உள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி பார்த்து உறுதி செய்தது. ஷூமேக்கர்-லெவி வால்நட்சத்திரம் வியாழனில் மோதிச் சரியாக 15 ஆண்டுகள் கழித்து இது நடந்தது.

படம் எடுத்தது கேமராதானே என்று இதை வைத்தே வாதாடலாம். ஆமாம், கேமராதான். ஆனால் அன்று அந்தப் புள்ளி வேறு கேமராக்களிலும் விழுந்திருக்கலாம். வியாழனின் முகம் அத்துபடியாக இருந்தவருக்குத்தான் அது தப்பான இடத்தில் இருக்கும் புள்ளி என்று தோன்றியது. தெருவில் புதிதாக வந்த ஆளைத் தெருக்காரர்தானே கண்டுபிடிப்பார்?

கண்ணை நம்பு என்று சொன்னால் உடனே எழும் எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. கண்ணை நம்பித்தானே பெர்சிவல் லோவெல் செவ்வாயில் கால்வாய்களைப் பார்த்தார்? நியாயமான கேள்வி. 1894இல் அரிசோனாவின் பிளாக்ஸ்டாஃபில் சொந்த ஆய்வுக்கூடம் கட்டி, நூற்றுக்கணக்கான நேர்கோடுகளை வரைந்து, செவ்வாய்வாசிகள் வெட்டியவை என்று புத்தகமே எழுதினார். 1965இல் மாரினர் 4 அனுப்பிய படங்களில் கால்வாய் எதுவும் இல்லை, பள்ளங்கள்தான் இருந்தன. கண் ஏமாற்றும், கேமரா ஏமாற்றாது என்று இந்தக் கதையை முடிப்பது வழக்கம்.

கதையின் நடுப்பகுதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 1905இல் லோவெலின் உதவியாளர் லாம்ப்லண்ட் செவ்வாயைப் புகைப்படம் எடுத்தார். அந்தப் படங்களில் கால்வாய் தெரிகிறது என்று லோவெல் உலகத்துக்கே அறிவித்தார்! கடுகளவு செவ்வாய்ப் படத்தில் நம்பியவர்களுக்குக் கால்வாய் தெரிந்தது, நம்பாதவர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்திலேயே லோவெலுக்குப் பலமான அடி கொடுத்தது கேமரா அல்ல, இன்னொரு கண். 1909இல் பாரிஸ் அருகே மியுடானில் 83 சென்டிமீட்டர் தொலைநோக்கி வழியாகப் பார்த்த யூஜின் அந்தோனியாடி, கோடுகள் என்று சொல்லப்பட்டவை ஒழுங்கற்ற திட்டுகளாகப் பிரிவதைக் கண்டு வரைந்து வைத்தார். அதாவது, பார்க்க விரும்பியதைப் பார்ப்பதுதான் நோய். அது கண்ணுக்கும் வரும், கேமராவுக்கும் வரும், கூர்மையாக்கும் மென்பொருளுக்கு இன்னும் வேகமாக வரும். மருந்து ஒன்றுதான்: தெரிந்ததை மட்டும் வரைவது, தெரியாததை விட்டுவிடுவது.

நம்மூர்க்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கோள்களைப் பார்க்கத் தமிழ்நாடு மிக நல்ல இடம். கோள் அடிவானத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அதன் ஒளி தடிமனான காற்றைக் கடந்து வரவேண்டும்; உயரத்தில் இருந்தால் அவ்வளவு காற்று இல்லை. 2019, 2020 ஆண்டுகளில் வியாழனும் சனியும் வானின் தென்கோடியில் இருந்தபோது லண்டனில் அவை 20 டிகிரி உயரத்தைத் தாண்டவே இல்லை. சென்னையில் 50 டிகிரிக்கு மேல் ஏறின. இங்கிலாந்தின் பெயர்பெற்ற கோள் படக்காரர் டேமியன் பீச் இதற்காகவே கடல் கடந்து பார்படோஸ் வரை போயிருக்கிறார். சென்னையைவிடச் சற்றுத் தெற்கே, பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் இருந்துகொண்டு கிறிஸ்டபர் கோ என்ற ஆர்வலர், வியாழனின் வெள்ளைப் புயல் ஒன்று சிவப்பாக மாறிவிட்டதை 2006இல் உலகுக்கு முதலில் சொன்னார். நகர வெளிச்சம்கூடக் கோள்களை ஒன்றும் செய்யாது. அவை அவ்வளவு பிரகாசம்.

நம்மூரில் எதிரி மொட்டை மாடிதான். பகல் முழுக்க வெயில் குடித்த சிமெண்ட் தளம் நள்ளிரவு வரை அனலைக் கக்கிக்கொண்டே இருக்கும். அந்த அனலுக்கு மேல் வைத்த தொலைநோக்கியில் எந்தக் கோளும் கூத்தாடத்தான் செய்யும். சாயங்காலமே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவைப்பது, முடிந்தால் மண் தரைக்குப் போவது, அதுவும் இல்லையென்றால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்திருப்பது. தொலைநோக்கியை அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்து ஆறவிட வேண்டும். ஏசி அறையிலிருந்து எடுத்து வந்து உடனே பார்த்தால் பனி படர்ந்து கண்ணாடி மூடிக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒன்றும் செய்வதற்கில்லை. (இன்னொன்று, விளையாட்டுக்குக்கூடத் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பக்கூடாது. கண் போய்விடும்.)

அழகான படம்தான் ஆராய்ச்சி என்று நினைப்பவர்கள் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரையும் நினைத்துக்கொள்ளலாம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்த நட்சத்திரத்தின் ஒளி முன்கூட்டியே விட்டு விட்டுக் குறைவதை விமானத்தில் பறந்த அமெரிக்கக் குழு ஒன்று பதிவு செய்தது. அதே இரவு காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் ஒளிக்குறைவு பதிவானது. யுரேனசுக்கு வளையம் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்டது இப்படித்தான். வளையத்தின் படம் ஒன்றுகூட அன்று இல்லை, தாளில் ஏறி இறங்கும் கோடு மட்டும்தான்.

அப்படியானால் கேமராவே வேண்டாமா? வேண்டும், ஆறு மாதம் கழித்து. அதுவரை ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். ஐந்து சென்டிமீட்டர் வட்டம் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கால் மணி நேரத்துக்குள் தெரிந்ததை மட்டும் வரைந்து, நாள், நேரம், ஐபீஸ், காற்று எப்படி இருந்தது என்று எழுதி வைத்தால் போதும். ஓவியம் வராது என்பவர்களுக்கு: இரண்டு பட்டையும் நான்கு புள்ளியும் வரைய ஓவியராக இருக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு கைப்பேசியைத் தாங்கியில் பொருத்தி, வெளிச்சத்தைக் கையால் நன்றாகக் குறைத்து (கறுப்பு வானத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பேசி தானாக வெளிச்சத்தைக் கூட்டுவதால்தான் அந்த வெள்ளை உருண்டை), இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து அடுக்கிப் பார்க்கலாம். அப்போது பட்டியை எங்கே நிறுத்துவது என்பதை நோட்டுப் புத்தகம் சொல்லும்.

எந்தக் கோளில் தொடங்குவது என்று கேட்டால், சனி. 1610இல் கலிலியோ பார்த்தபோது சனிக்கு இரண்டு பக்கமும் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. 1612இல் திரும்பப் பார்த்தபோது அவை மறைந்துபோனதைக் கண்டு குழம்பினார். வளையம் பூமிக்கு விளிம்பைக் காட்டியபடி திரும்பியிருந்ததுதான் காரணம் என்று புரிய, 1659இல் ஹைகன்ஸ் எழுதும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே விளிம்புத் திருப்பம் 2025 மார்ச்சில் மறுபடி நடந்தது. அந்தச் சமயத்தில் தொலைநோக்கி வாங்கியவர்கள்தான் பாவம், பெட்டியில் இருந்த வளையத்தைத் தேடி ஒரு மெல்லிய கீற்றைப் பார்த்தார்கள். ஆனால் அந்தக் கீற்று 2032 வாக்கில் 27 டிகிரி சாய்வில் முழுதாக விரிந்துவிடும். அதுவரை ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே தொலைநோக்கியில், ஒரே நோட்டில், ஒரே அளவு வட்டத்தில் சனியை வரைகிறவரின் பக்கங்களில் அந்த வளையம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே வரும்.